மௌனம் சம்மதம் அல்ல

“கடவுச்சொல் சரி, ஓடிபியும் சரி. என் பெயரைச் சொல்லி வணக்கம்கூட வைக்கிறது. அடுத்த பக்கத்தைத் தட்டினால் ‘403, அனுமதி இல்லை’ என்கிறது. நான் யாரென்று தெரிந்துகொண்ட பிறகும் அந்தக் கணினிக்கு என்னதான் சந்தேகம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எரிச்சலில் எழுதியிருக்கிறார் என்றாலும் நல்ல கேள்வி.

அதற்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நீங்கள் யார் என்பது ஒரு கேள்வி, இந்தக் காரியத்தை நீங்கள் செய்யலாமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதில் தேறாதவருக்கு 401 என்ற எண் போகும், அல்லது உள்நுழையும் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவார். அதில் தேறி இரண்டாவதில் நின்றுபோனவருக்கு 403. முதல் கேள்விக்கு கைரேகை, முகம், பாஸ்கீ என்று அடிக்கடி ஒரு புது வித்தை வருகிறது, கூடவே விளம்பரமும் வருகிறது. இரண்டாவதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை. ஆனால் ஓட்டை அதிகம் இருப்பது அங்கேதான். இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில் அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறு 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது, 2021இல் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

வரலாறு கொஞ்சம் சொல்லாமல் தீராது. 1971இல் பட்லர் லாம்ப்சன் ஒரு கட்டம் போட்டார்: இந்தப் பக்கம் ஆட்கள், அந்தப் பக்கம் கோப்புகள், சந்திக்கும் இடத்தில் யாருக்கு என்ன உரிமை. ஆட்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் கட்டம் தாங்கவில்லை. 1992இல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் ஆளுக்குப் பதில் பதவிக்கு உரிமை கொடுப்பதை முறைப்படுத்தினார்கள். மேலாளர், எழுத்தர், தணிக்கையாளர் என்று கொஞ்ச காலம் சுகமாகப் போயிற்று. பிறகு ‘மேலாளர்தான், ஆனால் இந்தக் கிளைக்கு மட்டும், அதுவும் விடுப்பில் போனவருக்குப் பதிலாக’ என்று நிஜ அலுவலகம் உள்ளே புகுந்தது. ஆட்களைவிடப் பதவிகள் அதிகமாகிவிட்டன. பெயரைப் பார்க்காதே, பதவியை மட்டும் பார்க்காதே, விதியை எழுதி அதன்படி பார் என்ற யோசனை அதனால் வந்தது. வரலாறு போதும்.

விதியை எப்படி எழுதுவது? மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட ஏஎஸ்பி டாட் நெட் கோர் என்ற கட்டமைப்பை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் சிறந்தது என்பதற்காக இல்லை. மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது, முடிவெடுக்கும் பகுதியை ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம், படித்தால் சந்தோஷமாக இருக்கிறது.

அதில் விதிக்குப் பெயர் பாலிசி. ஒரு பாலிசி என்பது சில நிபந்தனைகளின் பட்டியல், அவ்வளவே. அவர்களுடைய கையேட்டில் வரும் உதாரணம் ‘குறைந்தது 21 வயது’. அமெரிக்காவில் மது வாங்கும் வயது அது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிபந்தனை 21 என்ற எண்ணைச் சுமப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. வயதைக் கணக்கிடத் தெரியாது, ஆளைப் பார்க்கத் தெரியாது. எல்லா நிபந்தனைகளுக்கும் பொதுவான அச்சைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கட்டளைகூடக் கிடையாது, காலி. சோதித்துப் பார்ப்பது ஹேண்ட்லர் என்ற தனி ஆளின் வேலை. கேள்வி ஓரிடம், பதில் சொல்பவர் வேறிடம். இந்தப் பிரிவினைதான் மொத்த வித்தைக்கும் வேர்.

பெண் வீட்டுக் கூடத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு நிலையான வேலை உண்டா, குடிப்பழக்கம் இல்லையா, பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று மூன்று கேள்விகள். மூன்றும் தேறியாக வேண்டும். இந்தப் பட்டியல்தான் பாலிசி. பெரியப்பா, தாய்மாமன், அத்தை என்று சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஹேண்ட்லர்கள். வேலையைப் பற்றித் தாய்மாமன் விசாரித்திருந்தாலும் சரி, பெரியப்பா விசாரித்திருந்தாலும் சரி, ஒருவர் ‘நல்ல உத்தியோகம்தான்’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி பட்டியலிலிருந்து அடிபட்டுவிடும். கேள்விகளுக்கு நடுவே ‘இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்’. ஒரே கேள்விக்குப் பதில் சொல்பவர்களுக்கு நடுவே ‘இவராவது, அவராவது’.

ஒரு உறவுக்காரர் மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்யலாம். ‘சரி’ என்று சொல்லலாம். ‘கூடாது’ என்று சொல்லலாம். எதுவும் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டு இருக்கலாம். இந்த மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. மௌனம் சம்மதம் என்பது நம் வீட்டு வழக்கு. இந்தக் கூடத்தில் மௌனம் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. ‘எனக்குத் தெரியாது, தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்’ என்பதே அதற்குப் பொருள். மாறாக, ‘கூடாது’ என்ற சொல் வந்துவிட்டால் மற்ற அத்தனை பேர் தலையாட்டினாலும் சம்பந்தம் முறிந்ததுதான்.

நிரலில் இந்த முடிவு ஒரே வரி. அதில் மூன்று சோதனைகள்: யாரும் ‘கூடாது’ சொல்லியிருக்கக்கூடாது, ஒருவராவது ‘சரி’ சொல்லியிருக்க வேண்டும், பட்டியலில் அடிபடாத கேள்வி எதுவும் மீதி இருக்கக்கூடாது.

நடுவில் இருப்பது வெட்டிச் சோதனை போலத் தெரியும். எல்லாக் கேள்வியும் அடிபட்டுவிட்டது என்றால் யாரோ ‘சரி’ சொன்னதால்தானே அடிபட்டிருக்கும்? ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் அப்படி இல்லை. கேள்விப் பட்டியலே காலியாக இருந்தால், யாரும் எதையும் கேட்கவில்லை, ஆகவே எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தாயிற்று! தர்க்கப்படி இது மெத்தச் சரி. அந்தத் தர்க்கத்தை நம்பிப் பெண்ணைக் கொடுக்க முடியாது. நடுச் சோதனை அங்கே குறுக்கே நிற்கிறது. இது போதாதென்று, காலிப் பட்டியலோடு ஒரு பாலிசியை உருவாக்கப் பார்த்தாலே கட்டமைப்பு பிழை காட்டி நின்றுவிடும். இதை எழுதியவர் இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடி எழுந்துபோய்ப் பார்க்கிற ரகமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ‘சரி’ என்பது பட்டியலிலிருந்து ஒன்றை அடிக்கிறது. ‘கூடாது’ என்பது ஒரு கொடியை ஏற்றுகிறது. அடித்ததைத் திரும்ப எழுதவோ, ஏற்றிய கொடியை இறக்கவோ வழி கிடையாது. அதனால் உறவுக்காரர்கள் எந்த வரிசையில் பேசினாலும் முடிவு ஒன்றுதான். அத்தை முதலில் பேசினாளா, மாமன் முதலில் பேசினானா என்ற சண்டைக்கே இடமில்லை. பத்து நிரலர்கள் பத்துக் காலத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமலே எழுதிச் சேர்த்த ஹேண்ட்லர்கள் ஒன்றோடொன்று முட்டாமல் வேலை செய்வது இதனால்தான். இவ்வளவு சின்ன ஏற்பாட்டில் இவ்வளவு அமைதி கிடைப்பது அபூர்வம்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், தாங்கும். ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் இந்தக் கட்டமைப்பு பதிவேட்டில் உள்ள எல்லா உறவுக்காரர்களையும் கூப்பிடுகிறது. தனக்குரிய கேள்வி பட்டியலில் இல்லையென்றால் அவர் பேசாமல் எழுந்து போய்விடுகிறார், கோபித்துக்கொள்வதில்லை. யாரோ ‘கூடாது’ என்று சொல்லி எல்லாம் முடிந்த பிறகும் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு முடிக்கிறது. முடிவு மாறாது என்றாலும், அவர்களில் ஒருவர் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறவராக இருக்கலாம் அல்லவா? வேண்டாமென்றால் ஓர் அமைப்பை மாற்றி, முதல் ‘கூடாது’விலேயே கூட்டத்தைக் கலைத்துவிடலாம்.

புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்கும் இடமும் இந்த மௌனம்தான். ஒரு மருத்துவமனை மென்பொருள். நோயாளியின் அறிக்கையை அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பார்க்கலாம். அவசரமென்றால் பணியில் இருக்கும் எந்த டாக்டரும் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, இரண்டு ஹேண்ட்லர்கள். முதல் ஹேண்ட்லரை எழுதுகிறவர், ‘இவர் அந்த டாக்டர் என்றால் சரி, இல்லையென்றால் கூடாது’ என்று எழுதிவிடுகிறார். படிக்க ஒழுங்காகவே இருக்கும். நள்ளிரவில் அவசரப் பிரிவு டாக்டர் அறிக்கையைத் திறக்கும்போது இரண்டாம் ஹேண்ட்லர் ‘சரி’ என்கிறது, முதலாவது ஏற்றிய கொடி அப்படியே பறக்கிறது. 403. அந்த ‘இல்லையென்றால்’ பகுதியில் எழுதியிருக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா திரும்பி வந்திருக்கலாம்.



மௌனத்தை இப்படி நடத்துவதில் இன்னொரு லாபம். ஹேண்ட்லரை எழுதிவிட்டுப் பதிவேட்டில் சேர்க்க மறந்துபோனால் என்ன ஆகும்? கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை, கேள்வி அடிபடாது, கதவு திறக்காது. எழுதியவர் அரைநாள் மண்டையை உடைத்துக்கொள்வார், ஆனால் யாருடைய ரகசியமும் வெளியே போகாது. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில் சொன்னது இதைத்தான். யாரை விடலாம் என்று எழுதும் முறையில் பிழை நேர்ந்தால் விடவேண்டிய ஆள் வெளியே நிற்பார், சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். யாரைத் தடுக்கலாம் என்று எழுதும் முறையில் பிழை நேர்ந்தால் தடுக்கவேண்டிய ஆள் உள்ளே போய்விடுவார், யாருக்கும் தெரியாது. தவறாகத் தடுக்கப்பட்டவர் நம் வாசகரைப் போலக் கடிதம் எழுதுகிறார். தவறாக உள்ளே விடப்பட்டவர் எதற்கு எழுதப்போகிறார்?

இத்தனை கவனமும் கூடத்துக்குள்ளேதான். வாசலில் கதை தலைகீழ். ஒரு பக்கத்துக்கு எந்தப் பாலிசியையும் குறிப்பிடாமல் விட்டுவிட்டால் ஏஎஸ்பி டாட் நெட் கோர் என்ன செய்யும்? திறந்துவிடும். யார் வந்தாலும் வரவேற்பு. உள்ளே மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாத அதே கட்டமைப்பு, வாசலில் மௌனத்தைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறது. முகப்புப் பக்கமும் உதவிப் பக்கமும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் எனக்கு இது ஒப்பவில்லை. மறதி என்பது முதலில் வாசலில்தான் நடக்கும்.

வாசலில் ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபர்ஸ்ட் அமெரிக்கன் சாட்சி. அமெரிக்காவில் வீடு, மனை வாங்குகிறவர்களுக்கு உரிமைக் காப்பீடு தரும் பெரிய நிறுவனம். அதன் தளத்தில் உள்ள ஓர் ஆவண இணைப்பில் ஒரு இலக்கத்தை மாற்றினால் அடுத்தவரின் ஆவணம் வந்தது என்பதை 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளியிட்டார். உள்நுழையவே தேவையில்லை. வங்கிக் கணக்கு எண்கள், வரிப் பதிவுகள், ஓட்டுநர் உரிமப் படங்கள் என்று 2003 வரை பின்னோக்கிப் போகும் சுமார் 88.5 கோடிக் கோப்புகள். பூட்டை உடைக்க யாரும் மெனக்கெடவில்லை. பூட்டே இல்லை.

அங்கே உள்நுழைவுக் கதவு ஒன்றை மட்டும் வைத்திருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கணக்கு வைத்திருக்கும் யாரும் எண்ணை மாற்றி அடுத்தவர் பத்திரத்தைப் பார்க்கலாமே! இந்த ஆவணம் இவருடையதுதானா என்ற கேள்விக்கு வாசலில் பதில் கிடையாது, ஏனென்றால் அந்த நேரத்தில் ஆவணம் இன்னும் தரவுத்தளத்திலிருந்து வெளியே வரவில்லை. அதை எடுத்து வந்த பிறகு ஆளையும் ஆவணத்தையும் சேர்த்துக் கூடத்தின் முன் வைத்து, ‘இவர் இதைப் பார்க்கலாமா’ என்று நிரலர் கையால் ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு வசதி உண்டு. எழுத மறந்தால் நினைவூட்ட ஆளில்லை.

இப்போது சந்தையில் விதிகளைச் செயலிக்கு வெளியே தனி மொழியில் எழுதும் கருவிகளுக்கு மவுசு. ஓப்பன் பாலிசி ஏஜென்ட் அதில் ஒன்று. அமேசான் 2023இல் மூலநிரலோடு வெளியிட்ட சீடார் மற்றொன்று. சீடாரிலும் அதே கூடத்துச் சட்டம்தான்: யாரும் அனுமதிக்காவிட்டால் கிடையாது, ஒரு தடை பல அனுமதிகளை வெல்லும். அதன் இயக்கத்தைக் கணித முறையில் நிறுவியும் இருக்கிறார்கள், அது மெச்சத்தக்க வேலை. ஆனால் விற்பனைக்காரர்கள் இதைக் காட்டி ‘இனி அனுமதிப் பிரச்சினையே இல்லை’ என்னும்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள். எழுதிய விதியை இயந்திரம் பிசகாமல் நடத்தும் என்பதே நிறுவப்பட்டது. அவசரப் பிரிவு டாக்டரை மறந்துவிட்டு எழுதிய விதியையும் அது பிசகாமல் நடத்தும். செயற்கை நுண்ணறிவு விதிகளை எழுதித் தரும் என்கிறார்கள். வாசகங்கள் சுத்தமாக இருக்கும், சந்தேகமில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்று அந்த மருத்துவமனையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தவர் யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஏஎஸ்பி டாட் நெட் கோரின் வாசல் குறைக்கு மருந்து 2019இல் அதன் 3.0 பதிப்போடு வந்தது. எந்தப் பாலிசியும் குறிப்பிடாத பக்கங்களுக்கெல்லாம் பொருந்தும்படி ஒரு பொதுப் பாலிசியை வைத்துவிடலாம்: உள்நுழைந்தவர் மட்டும் வரலாம். ஓரிரண்டு வரி வேலை. ஆனால் தானாக இயங்காது, நாம்தான் எழுதவேண்டும். எழுதுகிறவர்களில் சிலர் அன்றைக்கே ஒரு விநோதத்தைப் பார்ப்பார்கள். உள்நுழையும் பக்கத்துக்கு மட்டும் ‘யாரும் வரலாம்’ என்று குறிப்பிட மறந்திருப்பார்கள். உள்நுழையாதவரைக் கட்டமைப்பு உள்நுழையும் பக்கத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்க உள்நுழைந்திருக்க வேண்டும், ஆகவே மறுபடி அங்கேயே அனுப்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ‘முடிந்ததும் இங்கே திரும்பி வா’ என்ற முகவரிக்குள் முந்தைய முகவரி நுழைந்துகொண்டு, இணைப்பு நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் உலாவிதான் பொறுமை இழந்து, இந்தப் பக்கம் அளவுக்கு மீறித் திருப்பிவிடுகிறது என்று சொல்லி நிறுத்தும்.