இரண்டு கண்ணாடித் தம்ளர்கள்

நெடும்பயணம் சென்றவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வழித்துணையாக வாய்த்தவர் மனத்துக்குப் பிடித்தவராயின் நூறு மைலும் பத்து மைலாகும். பிடிக்காதவராயின் பத்து மைலே நூறு மைலாகும். ஒட்டாத இருவரை ஒரே வண்டியில் ஏற்றி, வழி முடிவதற்குள் அவர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று காட்டும் திரைப்படங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, 2018-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கிரீன் புக்'. பீட்டர் ஃபாரெல்லி இயக்கிய இப்படம், 2019-இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருது பெற்றது.

கதை நடப்பது 1962-இல். நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் காவல் வேலை பார்ப்பவர் டோனி. இத்தாலிய வழியினர், படிப்புக் குறைவு, பசியும் கோபமும் அதிகம். விடுதி சில காலம் மூடப்படவே, டான் ஷெர்லி என்னும் பியானோ மேதைக்குக் கார் ஓட்டச் சேர்கிறார். ஷெர்லி கறுப்பினத்தவர், மடிப்புக் கலையாத உடையும் அளந்த பேச்சும் உடையவர். இருவரும் உண்மையில் வாழ்ந்தவர்களே. இருவரும் 2013-இல் காலமாயினர்.

படத்தின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அக்காலத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் நினைத்த விடுதியில் தங்கவோ உண்ணவோ முடியாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர், அவர்களுக்கு எங்கெங்கே இடம் கொடுப்பார்கள் என்று தொகுத்து 1936 முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அதுவே பச்சைப் புத்தகம். 1964-இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தபின் அதன் தேவை குறைந்து, சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

சிரிப்புக்குப் படத்தில் பஞ்சமில்லை. கோழி வறுவலைக் கையால் உண்ண மறுக்கும் ஷெர்லி, டோனியின் வற்புறுத்தலால் உண்டு, எலும்பைச் சன்னல் வழியே எறியவும் கற்கிறார். அந்த உற்சாகத்தில் டோனி காகிதக் குவளையையும் எறிய, ஷெர்லி காரைப் பின்னோக்கி ஓட்டச் செய்து அதை எடுக்க வைக்கிறார்! மனைவிக்கு டோனி எழுதும் பிழை மலிந்த கடிதங்கள், ஷெர்லி சொல்லச் சொல்லக் கவிதையாகின்றன.

ஆனால் அலபாமாவில் ஒரு விடுதி, அன்றிரவு வாசிக்க வந்த ஷெர்லியைத் தன் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து உண்ண அனுமதிக்க மறுக்கிறது. கைதட்ட அவர் வேண்டும். பக்கத்தில் உட்கார அவர் வேண்டாம்! அங்கே வாசிக்காமலே இருவரும் வெளியேறுகின்றனர்.

இப்படத்துக்கு மறுப்பும் எழுந்தது. திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவர் டோனியின் மகன். ஷெர்லியின் உறவினரோ, அவ்விருவரும் முதலாளியும் பணியாளருமே அன்றி நண்பர்கள் அல்லர் என்றனர். ஒருவர் பட்ட துன்பத்தை மற்றவர் வீட்டார் சொல்லும்போது, கேட்கும் நாம் இரு பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? படத்தைப் பார்த்துவிட்டு, உண்மை ஷெர்லியின் இசைத்தட்டுகளையும் கேட்பதே அவருக்குச் செய்யும் நீதி. சில கடுஞ்சொற்களும் காட்சிகளும் இருப்பதால், மேல்வகுப்பு மாணவியர் பெற்றோருடன் காண்பது நலம்.

தொடக்கத்தில் ஒரு சிறு காட்சி. டோனியின் வீட்டில் வேலை செய்ய வந்த கறுப்பினத்தார் இருவருக்கு அவர் மனைவி பருகக் கொடுக்கிறார். அவர்கள் குடித்த கண்ணாடித் தம்ளர்களை டோனி குப்பையில் போடுகிறார். மனைவி பேசாமல் எடுத்து வைக்கிறார். முடிவில், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவில், அதே வீட்டு வாசலில் ஷெர்லி வந்து நிற்கிறார். அந்த அம்மையார் அவரை அணைத்து வரவேற்கிறார்.

அந்தத் தம்ளர்களை எடுத்தவர் யார் என்பதை நாம் மறக்கலாகாது. எட்டு வாரப் பயணத்துக்குப் பின் டோனி கற்றதை, அவர் வீட்டிலிருந்தே அறிந்திருந்தார். கெட்ட வழக்கத்தை நிறுத்த நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. நம் சமையலறையிலேயே தொடங்கலாம்.