பானையில் பேர் எழுதியது யார்?

சிவகங்கை மாவட்டம் கீழடியில் உள்ள அருங்காட்சியகத்திற்குப் பள்ளியிலிருந்து போனோம். 2023 மார்ச் மாதம் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். தங்க நகை, சுடுமண் பொம்மை, பகடைக்காய் எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் ரொம்ப நேரம் பார்த்தது உடைந்த பானை ஓடுகளைத்தான்.

அந்த ஓடுகளில் தமிழி எழுத்தில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பேர்கள் இருக்கின்றன. குயவர் எழுதியதா? இல்லையாம். குயவர் என்றால் சுடுவதற்கு முன்னால் ஈரமண்ணில் எழுதியிருப்பார். இவை பெரும்பாலும் சுட்ட பிறகு கூரான பொருளால் கீறியவை. கையெழுத்தும் வேறு வேறு. அதனால் பானைக்குச் சொந்தக்காரங்களே எழுதினார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நம்ம வீட்டு எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவது கடைக்காரர். அவங்க தாங்களே எழுதிக்கிட்டாங்க! கீழடி சுமார் 2600 வருஷப் பழமை என்று தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. அப்பவே சாதாரண வீட்டு ஆட்களுக்கு எழுத்து தெரிந்திருக்கிறது.

எங்க அப்பத்தா பேங்கில் இன்னும் கைநாட்டுதான். இப்போ தினமும் சாயங்காலம் பேர் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி