வால் இழந்த ரகரம்

குமுளி, மூணாறு, மறையூர் போன்ற இடுக்கி ஊர்களிலும், வாளையார் முதல் கோவிந்தாபுரம் வரையிலான பாலக்காட்டு எல்லையிலும் ஒரே கடைப்பலகை மலையாளம், ஆங்கிலம், தமிழ் என மூன்று எழுத்துகளுக்கு இடம் தர வேண்டியிருக்கிறது. ஆங்கில வரிக்கு வட்டம், சதுரம், நேர்கோடு ஆகியவற்றால் மட்டும் கட்டப்பட்டு விண்வெளிப் படத் தலைப்பை நினைவூட்டும் வடிவியல் எழுத்துரு தேர்ந்தெடுக்கப்படும்போது, மற்ற இரு வரிகளும் அதன் அச்சுக்குள் அடங்க நேர்கிறது. இவ்வகை எழுத்துரு காட்சி எழுத்துரு எனப்படும். பத்தி பத்தியாகப் படிப்பதற்கன்றி, தலைப்பிலும் பலகையிலும் பெரிதாகக் காண்பதற்கென்றே வரையப்படுவது அது.

மலையாளம் இதில் அதிகம் இழப்பதில்லை. அதன் எழுத்துகள் பெரும்பாலும் வளைகோடுகளே என்பதை 2016இல் வெளியான சந்தோஷ் தோட்டிங்ஙலின் மஞ்சரி எழுத்துரு அழகாகவே காட்டுகிறது. தமிழிலோ டகரமும் பகரமும் செங்கோணத்தில் நிற்க, ஞகரமும் ழகரமும் சுழித்து வளைகின்றன; ணகரமோ மூன்று எழுத்துகளின் இடத்தைக் கேட்கிறது. இவை அனைத்தையும் ஒரே சதுரத்தில் அடைத்தால் சுழிகளின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கிடையே விடப்படும் வெற்றிடம், அடைபட்டுப் போகிறது.

இதனினும் பெரிய இழப்பு ரகரத்தினுடையது. ஓலைச்சுவடிகளில் ரகரமும் ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால், படிப்பவரே இடமறிந்து அவற்றைப் பிரித்துக்கொண்டார். ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் வால் பின்னர் அச்சில் நிலைபெற்று அந்தச் சுமையை நீக்கியது. சாய்கோட்டைப் பிடிக்காத வடிவியல் எழுத்துரு முதலில் வெட்டுவது இந்த வாலைத்தான். வெட்டிய பின் ஏலக்காய் மண்டியின் ‘சரக்கு’க்கும் ‘சாக்கு’க்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏதுமில்லை. தமிழிலேயே வளர்ந்தவர் ஊகித்துப் படித்துவிடுவார். மலையாள வழிப் பள்ளியில் பயின்று, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் எல்லைக் குழந்தைக்கோ கடைப்பலகையே தமிழ்ப் பாடநூல். அங்கு ஊகத்திற்கு ஆதாரமே இல்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் எழுத்தை அடையாளம் காணும் பழக்கத்தை எந்தச் சட்டமும் தந்துவிடாது.

பலகை கண்ணை இழுத்தால் போதும், இலக்கணம் பிறகு என்று கூறும் வடிவமைப்பாளர்களும் உண்டு. ஆனால் கேத்தோடு கதிர்த்திரைக்காக நேர்கோடுகளால் ‘நியூ ஆல்ஃபபெட்’ எழுத்துருவை 1967இல் வெளியிட்ட நெதர்லாந்து வடிவமைப்பாளர் விம் குரோவலே அதனை ஒரு சோதனையாகத்தான் முன்வைத்தார்.

இணக்கமான வழி ஏற்கெனவே இருக்கிறது. ஏக் டைப் எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் பலூ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்குத் தம்பி என்றும் மலையாளத்திற்கு அண்ணன் எனப் பொருள்படும் சேட்டன் என்றும் பெயரிட்டிருப்பது எல்லையோரத்தாருக்குப் புன்னகை வரவழைக்கும். 2022இல் வந்த அதே குழுவின் அனேக் குடும்பத்தில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம் என்பதால், ஆங்கில வரியைச் சற்று ஒடுக்கித் தமிழ் வரியை விரிக்க முடியும், ணகரத்தை நசுக்க வேண்டியதில்லை.