ஆடிக்காற்றுக்கு ஏற்ற சைக்கிள்

கடையில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களைப் பார்த்ததும், "இந்த டயர் ஏன் ஒல்லி, அந்த டயர் ஏன் குண்டு?" என்று கேட்கத் தோன்றியதா? அப்படியென்றால் நீ கெட்டிக்காரப் பிள்ளைதான், தங்கமே. நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்த்து மயங்காமல் டயரைப் பார்த்தாயே! வா, மாமா விவரம் சொல்கிறேன்.

கடையில் மூன்று வகை நிற்கும். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் இருந்தால் அது பந்தய வகை. தார் ரோட்டில் பறக்கும். குழியில் இறங்கினால் திணறும். குண்டு டயரில் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருந்தால் அது மலைப்பாதைக்கானது. நல்ல ரோட்டில் அது 'கொர்ர்' என்று இரைந்துகொண்டு மெதுவாகத்தான் போகும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஹைப்ரிட் சைக்கிள். பெரிய சக்கரம், நேரான ஹேண்டில்பார், நடுத்தரமான டயர். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். பள்ளிக்கூடம், டியூஷன், கல்லூரி என்று தினமும் ஓட்டுகிறவர்களுக்குப் பொருத்தமானது. ஆனால் ஹைப்ரிட்டிலேயே பல விதம் உண்டே. எதை எடுப்பது?

முதலில் உன் வழியை நினைத்துப் பார். மதுரை மாசி வீதிகளில் போகிறவளா நீ? அப்படியானால் பத்தடிக்கு ஒரு தடவை நின்று கிளம்ப வேண்டும். வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம் போகிறாயா? 1889-இல் கட்டி முடித்த ஏ.வி. பாலத்தில் மேடு பெரிதாகத் தெரியாது. ஆண்டாள்புரம் மேம்பாலத்தில் தொடை சொல்லிவிடும்! மேலூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் வருகிறவளுக்குச் சரளைக் கல்லும் முள்ளும் உண்டு.

முள் என்றதும் உனக்கே தெரிந்திருக்கும், சீமைக்கருவேலம். நம் மதுரைச் சமவெளியில் அது இல்லாத கண்மாய் ஏது? அதனால் டயரிலிருந்தே தொடங்குவோம்.

டயரின் பக்கவாட்டில் தடவிப் பார். 700x38 என்பது போல ஓர் எண் இருக்கும். இரண்டாவது எண்தான் டயரின் அகலம், மில்லிமீட்டரில். 28 என்றால் ஒல்லி. 38 என்றால் நடுத்தரம். அதே இடத்தில் பி.எஸ்.ஐ. என்று போட்டு இன்னும் சில எண்கள் இருக்கும். அது காற்றழுத்தம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உன் எடை, சைக்கிள் எடை, புத்தகப் பை எல்லாம் சேர்த்து 65 கிலோ என்று வைத்துக்கொள். அதில் சுமார் 40 கிலோ பின்சக்கரத்தின் மேல் விழும். டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் சுமார் 4 கிலோவைத் தாங்கும். அப்படியென்றால் தரையைத் தொடும் இடம் எவ்வளவு? நாற்பதை நாலால் வகுத்துப் பார். பத்து சதுர சென்டிமீட்டர்! 5 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம். அவ்வளவு சின்ன இடத்தில்தான் பின்சக்கரம் நிற்கிறது. ஆச்சரியமாக இல்லை?

காற்றைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும்? தொடும் இடம் இரண்டு மடங்காகும். சக்கரம் உருளும்போதெல்லாம் ரப்பர் நசுங்கி நசுங்கி நிமிரும். உன் காலின் உழைப்பு அந்த ரப்பரைச் சூடாக்குவதிலேயே கரைந்துவிடும். சரி, காற்றைக் கல் மாதிரி ஏற்றிவிடலாமா? அப்போது ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் உன் உள்ளங்கைக்கு வந்துவிடும். ஒல்லி டயருக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அகல டயர் கொஞ்சம் குறைந்த அழுத்தத்திலும் நன்றாக உருளும், குலுக்கலையும் வாங்கிக்கொள்ளும். அதனால் நம் ஊர் ரோட்டுக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயரைத்தான் நான் சொல்வேன்.

இந்தக் காற்று டயரே ஒரு குழந்தைக்காக வந்ததுதான், தெரியுமா? 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவர் மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் தடதடத்தது. ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றி, காற்றடைத்துக் கொடுத்தார். குலுக்கல் அடங்கியது!

ஆனால் ஒன்று. அகல டயர் முள்ளைத் தடுக்காது. அதற்கு டயருக்குள்ளேயே ஒரு பாதுகாப்புப் பட்டை வைத்த டயர் வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கு. கருவேல முள் குத்திய உடனே டியூப் வரை போய்விடுவதில்லை. பாதி நுழைந்து டயரிலேயே நிற்பதும் உண்டு. சக்கரம் சுற்றச் சுற்ற மெல்ல உள்ளே இறங்கும். வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து அதைப் பிடுங்கிவிட்டால் பஞ்சர் கடைக்குப் போகும் வேலை குறையும்.

இதுவரை புரிந்ததா? டயரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததுக்கு வா.

"மதுரையில் மலையா இருக்கிறது, கியர் எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யானைமலை மேல் யாரும் சைக்கிள் ஓட்டப் போவதில்லை. ஆனால் ஆடி மாதம் வருமே! ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மேற்கேயிருந்து காற்று வீசும்போது, நகரத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டை வழியாகக் காமராசர் பல்கலைக்கழகம் போகும் அக்காவைக் கேட்டுப் பார். எதிர்க்காற்றுதான் நம் ஊரின் மலை.

அது எவ்வளவு பெரிய மலை? காற்றில்லாத நாளில் நீ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய். ஆடியில் அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வருகிறது. உன் முகத்தில் படும் காற்றின் வேகம் இப்போது 30. வேகம் இரண்டு மடங்கு. காற்று தள்ளும் விசையும் இரண்டு மடங்குதானா? இல்லை, நாலு மடங்கு! வேகத்தை வேகத்தாலேயே பெருக்கினால் எப்படிக் கூடுமோ அப்படி அந்த விசை கூடும். 15-ஐ 15-ஆல் பெருக்கு. 30-ஐ 30-ஆல் பெருக்கு. 225, 900. பார்த்தாயா?

இங்கேதான் கியர் கைகொடுக்கும். வீட்டில் கியர் இல்லாத சைக்கிள் இருந்தால் செயின் ஓடும் சக்கரங்களின் பல்லை எண்ணிப் பார். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதே ஐந்தரைதான்.

ஹைப்ரிட்டில் முன்னால் 38 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை பல சக்கரங்கள் என்றால்? 14-இல் செயின் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 6 மீட்டர். 28-க்கு மாற்றினால் 3 மீட்டர். ஒரு பெரிய கல்லாமை மாம்பழத்தை ஒரே வாயில் திணிக்க முடியாது. கீற்றுக் கீற்றாக அறுத்தால் முழுப் பழத்தையும் தின்றுவிடலாம். பழம் குறையவில்லை, கடி மட்டும் சின்னதானது. கியரும் அப்படித்தான். போக வேண்டிய தூரம் குறையாது. மிதிகள் கூடும், ஒவ்வொரு மிதியும் லேசாகும், முழங்கால் வலிக்காது.

கடையில் "21 கியர், 24 கியர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து வாங்காதே. அதில் பல கியர்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமம். சமவெளிக்கு முன்னால் ஒரே சக்கரம், பின்னால் ஏழோ எட்டோ போதும். பின்னால் உள்ள பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்று குனிந்து எண்ணு. அதுதான் ஆடியில் பேசும். மேம்பாலத்தில் ஏறத் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடு. பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும்.

அடுத்தது உன் உடம்பு. "வளர்கிற பிள்ளை, பெரிதாக வாங்கிவிடுவோம்" என்பது வீட்டின் அன்பு. ஆனால் பெரிய ஃபிரேமில் கால் எட்டாமல் ஓட்டுவது ஆபத்து. சைக்கிளின் இரண்டு பக்கமும் கால் போட்டுத் தரையில் நின்று பார். குறுக்குக் கம்பிக்கும் உனக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வை. கால் நேராக நீண்டால் சீட்டின் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பாய்; முழங்கால் லேசாக மடங்கும். இன்று பொருந்துகிற ஃபிரேமை எடு. வளர வளரச் சீட்டுக் கம்பியை உயர்த்தலாம், அதில் உள்ள எல்லைக் கோட்டைத் தாண்டாமல்.

குறுக்குக் கம்பி என்றதும் ஒரு விஷயம் சொல்ல ஆசை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்ற ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலர் அந்தக் குறுக்குக் கம்பியே நல்லது, குழந்தையை அதில் உட்கார வைக்கலாம் என்றார்கள்! அதனால் கம்பி தாழ்ந்த ஃபிரேம் பெண்ணுக்கு, உயர்ந்தது ஆணுக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதே. எது ஏறி இறங்க வசதியோ அது உன்னுடையது.

தமிழக அரசும் 2001-இல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அந்தத் திட்டம் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கும் விரிந்தது. உன் அண்ணனுக்கு அப்படி வந்த சைக்கிள் வீட்டில் நின்றால், சீட்டைச் சரிசெய்து, செயினுக்கு எண்ணெய் விட்டு முதலில் அதை ஓட்டிப் பார். புதியது உண்மையிலேயே வேண்டுமா என்று அப்போது தெரியும்.

பிரேக்? ரிம்மைக் கட்டையால் பிடிக்கும் வி-பிரேக் நகரத்துக்குப் போதும். கட்டை தேய்ந்தால் எந்தக் கடையிலும் மாற்றித் தருவார்கள். ஐப்பசி மழையில் சேற்று வழியாக வருகிறவள் என்றால் டிஸ்க் பிரேக் எடு. ரிம் நனைந்தாலும் அது பிடிக்கும். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஷாக் ஃபோர்க் வேண்டாம், செல்லமே. பார்க்க அழகு. ஆனால் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடும். எழுந்து நின்று மிதிக்கும்போது உன் பலத்தில் கொஞ்சத்தை அது அமுங்கியே விழுங்கிவிடும்.

பல ஹைப்ரிட்டுகள் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எதுவும் இல்லாமல் வரும். அவற்றைப் பொருத்தத் துளை இருக்கிறதா என்று பார். புத்தகப் பை முதுகில் இருந்தால் வெயிலில் சட்டை நனையும். கேரியரில் இருந்தால் முதுகு காயும். மணியும், பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் கட்டாயம்.

பணம் கொடுக்கும் முன் டியூபின் வாயையும் பார்த்துவிடு. பழைய சைக்கிள், மோட்டார் பைக், புதிய ஹைப்ரிட் மூன்றுக்கும் வாய் வேறு வேறாக இருக்கலாம். பைக் டயரில் இருப்பது போன்ற தடித்த வாய் என்றால் பெட்ரோல் பங்கிலும் காற்று பிடிக்கலாம், எத்தனை பி.எஸ்.ஐ. வேண்டும் என்று சொல்லிப் பிடி. ஒல்லியாக, நுனியில் சின்னத் திருகோடு இருந்தால் அதன் பெயர் பிரெஸ்டா. தெருமுனைப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாமல் போகலாம். அதற்கென்று விரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒன்று விற்கிறது. சைக்கிளோடு சேர்த்தே கேட்டு வாங்கி, தொலையாமல் சாவிக் கொத்தில் கோத்து வை.