வெடிப்பது எங்கே?
கனடாவில் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள மோட்டார் வண்டிகளிலேயே ஊர் சுற்றுவோர் உண்டு. குளிர்காலத்தில் அவர்களுக்குப் பெருங்கவலை, வண்டியிலுள்ள தண்ணீர்க் குழாய்தான்! நீர் பனிக்கட்டியாகும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் பனிக்கட்டி உள்ள இடத்தில்தானே குழாய் வெடிக்க வேண்டும்? பெரும்பாலும் அப்படி நிகழ்வதில்லை. வளரும் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவே சிக்கிய நீருக்குப் போக்கிடம் இல்லை. அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாய் வெடிக்கிறது. ஆகவேதான், வண்டியை நிறுத்தி வைக்குமுன் நீரை வடித்து, குழாய் வாய்களைத் திறந்து விடுகிறார்கள். பாத்திரத் தொட்டியின் அடிவளைவில் வடியாமல் தங்கும் நீரில் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை ஊற்றுகிறார்கள், உறைநிலை தாழ்ந்துவிடும். ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்காலும் இதையே செய்யும். ஆனால் அதை இங்கே ஊற்றக்கூடாது. அது நஞ்சு, போதாததற்கு, இனிக்கவும் செய்யும்!