டிஸ்க் ஃபுல்! எதை அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது?

இன்னைக்கு எபிசோட், வேற யாரோ கட்டின சர்வரைக் கையில வாங்கினவங்களுக்கு. கட்டினவர் வேலையை விட்டுப் போயிட்டார், டாக்குமென்ட் எதுவும் இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'னு அலர்ட் வருது. இப்படி வாரிசா வந்த லினக்ஸ் சர்வர்கள் சிலதை நானும் பார்த்துக்கிட்டிருக்கேன். அதுல நான் எந்த வரிசையில போவேன்னு சொல்றேன்.

என்னோட முதல் விதி இதுதான்: ஒரு ஃபைலை யார் எழுதுறாங்கன்னு தெரியாம அதை அழிக்கக் கூடாது. பெருசா இருக்குங்கிறதாலேயே ஒரு ஃபைல் குப்பை ஆகிடாது.

எங்கே நிரம்பியிருக்கு?

'டிஎஃப் மைனஸ் ஹெச்' அடிச்சா எந்த பார்ட்டிஷன் 100% ஆகியிருக்குன்னு தெரியும். பெரும்பாலும் ரூட் இல்லைன்னா ஸ்லாஷ் வார். லாக், மெயில், டேட்டாபேஸ்னு வளர்ற சமாச்சாரம் எல்லாம் வார்லதான் இருக்கும். அதனாலதான் பழைய ஆட்கள் அதைத் தனி பார்ட்டிஷனா பிரிச்சு வைப்பாங்க. அது நிரம்பினாலும் ரூட் தப்பிச்சிடும்.

இங்க ஒரு சின்ன ஆறுதல். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், சாதாரணமா 5% இடத்தை ரூட் யூசருக்குன்னு ஒதுக்கி வைக்கும். 100 ஜிபி பார்ட்டிஷன்னா சுமார் 5 ஜிபி. மத்தவங்களுக்கு டிஸ்க் ஃபுல்னு காட்டும்போதும் ரூட்டால கொஞ்சம் எழுத முடியும். அதனால பதற வேண்டாம்.

அடுத்து, அந்த பார்ட்டிஷனுக்குள்ள எந்த டைரக்டரி எவ்வளவு பிடிச்சிருக்குன்னு 'டியூ' சொல்லும். கூடவே 'மைனஸ் எக்ஸ்' போடுங்க. இல்லைன்னா அது பக்கத்து பார்ட்டிஷனுக்குள்ள எல்லாம் புகுந்து எண்ணிட்டு வரும்.

கணக்கு உதைக்குதா?

டிஎஃப் 40 ஜிபி செலவாயிருக்குன்னு சொல்லுது, டியூ கூட்டினா 15 ஜிபிதான் வருது. மீதி எங்கே?

யாரோ ஏற்கெனவே ஒரு பெரிய லாக் ஃபைலை 'ஆர்எம்' போட்டு அழிச்சிருக்கலாம். யூனிக்ஸ்ல ஆர்எம் அழிக்கிறது ஃபைலோட பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு ப்ராசஸ் அதைத் திறந்து வெச்சிருந்தா இடம் திரும்பி வராது. வாசல்ல இருந்த பெயர்ப்பலகையைக் கழட்டியாச்சு, குடியிருக்கிறவர் இன்னும் வீட்டைக் காலி பண்ணலை. பெயரைத் தேடிப் போற டியூவுக்கு அவர் கண்ணுல படமாட்டார்.

'எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல் ஒன்' அடிச்சா அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். அந்த சர்வீஸை முறையா ரீஸ்டார்ட் பண்ணா இடம் உடனே திரும்பும். ஓடிக்கிட்டிருக்கிற லாக்கைக் குறைக்கணும்னா அழிக்காம 'ட்ரங்கேட்' பண்ணி அளவைப் பூஜ்யமாக்குறது நல்லது. அதுல இருக்கிற விவரம் தேவைப்படுமான்னு முன்னாடியே பார்த்துக்கோங்க.

இன்னொரு மர்மமும் உண்டு. டிஎஃப்ல இடம் தாராளமா இருக்கு, ஆனாலும் புது ஃபைல் எழுத முடியலை. அப்போ 'டிஎஃப் மைனஸ் ஐ' பாருங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேணும். இஎக்ஸ்டி4ல அந்த எண்ணிக்கை ஃபைல் சிஸ்டம் உருவாக்கும்போதே முடிவாகிடும். லைப்ரரியில அலமாரி காலியா இருந்தும், பதிவேட்டுல எழுத வரி இல்லாத மாதிரி. லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்களோ, தேங்கிப் போன மெயில்களோதான் பெரும்பாலும் காரணமா இருக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

இதுதான் ரொம்ப முக்கியம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தான் செய்யப்போற ஒவ்வொரு மாற்றத்தையும் முதல்ல ஒரு டைரக்டரியில எழுதி வைக்கும். சர்வர் திடீர்னு விழுந்தா அதை வெச்சுத்தான் எழுந்து நிக்கும். அந்த டைரக்டரிக்கு முன்னாடி 'பிஜி எக்ஸ்லாக்'னு பெயர். பெயர்ல 'லாக்' இருக்கேன்னு, டிஸ்க் நிரம்பின அவசரத்துல அதை அழிச்சு டேட்டாபேஸையே கெடுத்துக்கிட்டவங்க இருக்காங்க. அந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் 2017ல வந்த பத்தாவது வெர்ஷன்ல அதை 'பிஜி வால்'னு மாத்தினாங்க.

உங்களுக்கு வாரிசா வந்த சர்வர்ல பழைய வெர்ஷன் ஓடிக்கிட்டிருக்கலாம். அது எந்தப் பெயர்ல இருந்தாலும் கையால தொடாதீங்க. அது ஏன் வீங்குதுன்னு கேளுங்க. பல சமயம் காரணம் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட்டா இருக்கும். யாரோ எப்பவோ ஒரு ரெப்ளிகா சர்வருக்காக அதை உருவாக்கியிருப்பாங்க. அந்த ரெப்ளிகாவை நிறுத்தியாச்சு, ஸ்லாட்டை எடுக்க மறந்துட்டாங்க. வராத ஆளுக்காக போஸ்ட்கிரெஸ் சாப்பாடு எடுத்து வெச்சுக்கிட்டே இருக்கும். அந்த ரெப்ளிகா நிஜமாவே இல்லைன்னு டீம்ல கேட்டு உறுதி பண்ணிட்டு ஸ்லாட்டை நீக்கினா, அடுத்தடுத்த செக்பாயிண்ட்ல பழையதை போஸ்ட்கிரெஸ்ஸே துடைச்சிடும்.

நேரம் வாங்குங்க

டேட்டாபேஸ் ஏற்கெனவே நின்னுபோச்சா? அதே பார்ட்டிஷன்ல இருக்கிற, உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்ச பழைய லாக்குகளை வேற பார்ட்டிஷனுக்கு நகர்த்துங்க. அங்கேயே ஜிஜிப் பண்ண நினைக்காதீங்க, சுருக்கின ஃபைலை எழுதவும் இடம் வேணும். எல்விஎம் இருந்து, வால்யூம் குரூப்ல இடம் மிச்சம் இருந்தா, சர்வரை நிறுத்தாமலே பார்ட்டிஷனைப் பெருசாக்கலாம். சில பேர் ஒரு ஜிபிக்கு வெத்து ஃபைல் ஒண்ணை முன்கூட்டியே போட்டு வெச்சிருப்பாங்க. அவசரத்துக்கு அதை அழிச்சா மூச்சு விட இடம் கிடைக்கும்.

எல்லாம் சரியானதும் லாக்ரொட்டேட் ஓடுதான்னு பாருங்க, 80%லயே அலர்ட் வர்ற மாதிரி வையுங்க. என்ன நிரம்பிச்சு, ஏன் நிரம்பிச்சுன்னு நாலு வரி எழுதி வையுங்க. உங்களுக்கு அப்புறமும் அந்த சர்வரை ஒருத்தர் வாரிசா வாங்குவார், அவருக்கும் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் அலர்ட் வரும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுக்குள்ள உங்க சர்வர்ல ஒரு தடவை 'டிஎஃப் மைனஸ் ஐ' அடிச்சுப் பாருங்க.