கருந்திரையில் எழுதப் பழகுதல்



எழுதுவதற்குக் கருவி வேண்டும். அதைக் கையாளக் கைப்பழக்கமும் வேண்டும். ஏட்டில் எழுதிய நம் முன்னோர் எழுத்தாணி பிடிக்கப் பழகினர். பின்னர்த் தட்டச்சுப் பொறி வந்தது. இன்று கணனி வந்துள்ளது. கணனியில் எழுதும் முறைகளுள் பழையதும், பலர் அஞ்சி ஒதுக்குவதுமான ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் ‘வி ஐ’.

சுட்டியின் துணையின்றி, விசைப்பலகையால் மட்டும் இயங்கும் எழுதுகருவி அது. இக்காலத்தில் அது எதற்கு என நீங்கள் வினவலாம். மருதனார்மடத்தைச் சூழவுள்ள ஊர்களின் பிள்ளைகள் பலர் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்கின்றனர். நாளை தொழில் புரியுமிடத்தில், தொலைவிலுள்ள சேவையகம் ஒன்றைத் திருத்த நேரின், அவர்கள் முன் தோன்றுவது பெரும்பாலும் படங்கள் நிறைந்த திரையன்று, வெறுங் கருந்திரையே. அங்கு ஒரு வரி பிழைத்தாலும் ஒரு நிறுவனத்தின் பணி நின்றுவிடலாம். வெளியேறும் வழியறியாது கணனியையே அணைத்துவிடும் இளைஞரும் உளர்.

இக்கருவியை 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த பில் ஜோய் ஆக்கினார். அவர் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியே பணிபுரிந்தார். அவ்விணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளையே கடத்தும். ஆதலின் ஒவ்வொரு கட்டளையும் ஓரிரு எழுத்துகளில் அடங்கவேண்டியதாயிற்று. பின்னர் ஒல்லாந்து நாட்டவரான பிராம் மூலனார் அதனை விரித்து, ‘விம்’ என்னும் பெயரில் 1991இல் வெளியிட்டார். அதனை எவரும் இலவசமாகப் பெறலாம். 2023இல் மறைந்த அவர், பயன்பெறுவோர் உகண்டா நாட்டின் ஏழைச் சிறுவர்க்கு உதவுமாறு மட்டும் வேண்டினார்.

தொடக்கத்தில் நம்மைத் திகைக்கச் செய்வது யாது? விசையைத் தட்டினால் எழுத்து விழவேண்டும் என எதிர்பார்க்கிறோம், இங்கே விழுவதில்லை. இது நமக்கு முற்றிலும் புதிதன்று. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா அமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியில் நகராத விசைகள் உண்டு. அவற்றைத் தட்டினால் குறி பதியும், தாள் நகராது. எந்த விசை நகரும், எது நகராது என்பதை அறிந்தபின் தட்டச்சாளர் தடுமாறுவதில்லை. அவ்வாறே ‘வி ஐ’க்கு இரு நிலைகள் உண்டு: ஒன்று கட்டளை நிலை, மற்றொன்று எழுதும் நிலை. திறந்தவுடன் நாம் நிற்பது கட்டளை நிலையில். ஆங்கிலச் சிறிய எழுத்தான ‘ஐ’யைத் தட்டினால் எழுதும் நிலை வரும். ‘எஸ்கேப்’ விசை மீண்டும் கட்டளை நிலைக்குக் கொணரும். இதுவே முதற்பாடம்.

மருதனார்மடச் சந்தையின் மரக்கறிப் பட்டியல் ஒன்றை எழுதிப் பழகுவோம். கத்தரி, பூசணி, வெங்காயம், மரவள்ளி என வரிக்கு ஒன்றாக எழுதி ‘எஸ்கேப்’பைத் தட்டுக. இனி ‘எச்’ இடப்புறமும், ‘ஜே’ கீழும், ‘கே’ மேலும், ‘எல்’ வலப்புறமும் செலுத்தும். பில் ஜோய் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் அவ்விசைகளிலேயே பொறிக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். ‘டி’யை இருமுறை தட்டினால் நிற்கும் வரி அகலும். வேறொரு வரிக்குச் சென்று ‘பி’யைத் தட்ட, அகன்ற வரி அதன் கீழ் வந்தமரும். செய்ததை மீட்க ‘யூ’ உண்டு.

முக்காற்புள்ளியும் ‘டபிள்யூ’வும் இட்டு ‘என்டர்’ விசையைத் தட்டினால் கோப்பு சேமிக்கப்படும். முக்காற்புள்ளியும் ‘கியூ’வும் வெளியேற்றும். மாற்றங்களைக் கைவிட்டு வெளியேற வேண்டின் ‘கியூ’வை அடுத்து வியப்புக்குறி இடுக.

தமிழில் எழுதுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. விசைப்பலகை தமிழில் இருக்கையில் கட்டளை தட்டினால், கணனிக்குச் செல்வது தமிழெழுத்து, அது கட்டளையாகாது. ‘எஸ்கேப்’பைத் தட்டியதும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுதல் வேண்டும். சில கருந்திரைகளில் கொம்பும் காலும் பிரிந்து தோன்றலாம். அது காட்சியின் குறையேயன்றி எழுத்தின் பிழையன்று.

2022இல் நாடெங்கும் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தோம். ‘விம்’ நாம் எழுதுவதைத் துணைக்கோப்பு ஒன்றில் தானே குறித்துவைக்கிறது: 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது 4 நொடி கை ஓய்ந்ததும். மின் மீண்டபின் அதே கோப்பைத் திறந்தால், மீட்டெடுக்கும் வழியை அதுவே காட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்விக்க வேண்டாம். ‘விம்டியூட்டர்’ என்னும் பயிற்சி ‘விம்’முடனேயே வருகிறது, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் அதனைச் செய்து முடிக்கலாம். பிள்ளைகளை அதன் முன் அமர்த்துங்கள். பிழை விடவும் இடங்கொடுங்கள். மூலக்கோப்பின் பிரதி ஒன்றிலேயே பயிற்சி நிகழ்வதால், எதுவும் கெட்டுவிடாது.